ஏரி மூடிக்கிடந்த வருடம்

தேவநாதன் காணாமல் போன அன்று விடிகாலையில் நெல்லித்தாங்கல் ஏரியின் மீன்கள் மூச்சுக்குத் தவித்து மேலே வந்திருந்தன. பால் வாங்கப் போனவர்கள் கரையில் நின்று பார்த்துவிட்டு வந்து தெருவில் சொன்னார்கள். ஆகாயத்தாமரை மூடாமல் விட்டிருந்த கொஞ்சம் தண்ணீரில் கட்லாவும் ரோகுவும் நெருக்கியடித்துக்கொண்டு, வாயைப் பிளந்து பிளந்து காற்றைக் குடித்தனவாம். வெயில் ஏறியபோது எல்லாம் வயிற்றைக் காட்டி மிதந்தன. அப்போது ஏரியில் ஆள் யாரும் இல்லை என்றுதான் பார்த்தவர்கள் அத்தனை பேரும் சொன்னார்கள்.

அவன் மனைவி சாரதா அதற்கு முன்பே வேலைக்குக் கிளம்பியிருந்தாள். ஒரகடம் சாலையில் கம்பெனிப் பெண்கள் தங்குகிற ஹாஸ்டல் ஒன்றில் அவளுக்கு லாண்டரி வேலை. கிளம்பும்போது தேவநாதன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். முந்தின நாள் சண்டையின் கோபம் இரண்டு பேருக்கும் ஆறியிருக்கவில்லை. டீயைப் போட்டு மூடி வைத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

சண்டை ஓசூரைப் பற்றியது. கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்த தேவநாதனுக்கு கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது. ஓசூரில் வேலை இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். அவளுக்கு அதில் இஷ்டமில்லை. "போறேன்னா போறேன்தான். எவன் வந்து தடுக்கிறான்னு பாக்கறேன்" என்று அவன் கத்தியது தெருக்கோடி வரை கேட்டது. அவன் காணாமல் போன பிறகு தெருவுக்கு அந்த ஒரு வார்த்தையே போதுமானதாக இருந்தது.

போலீஸ் ஸ்டேஷனிலும் அதையேதான் சொன்னார்கள். "கோவிச்சுக்கினு போயிருக்கான். தணிஞ்சதும் வருவான், போம்மா."

மூன்றாம் நாள் துணி காயப்போட வீட்டுப் பின்பக்கம் போனபோதுதான் சாரதா ஆணியைப் பார்த்தாள். அதில் எப்போதும் ஒரு லாரி டியூபும், சாக்குப்பையில் சுருட்டிய வீச்சு வலையும் தொங்கும். வேலை போன பிறகு தேவநாதன் விடிகாலையில் டியூபில் உட்கார்ந்து ஏரிக்குள் போய் வலை வீசுவான். ஆகாயத்தாமரை பெருகியதிலிருந்து கெளுத்தி, ஜிலேபி தவிரப் பெரிதாக எதுவும் சிக்கவில்லை என்றாலும் போவான். இப்போது ஆணியில் டியூபும் இல்லை, வலையும் இல்லை.

"ஓசூருக்குப் போறவன் லாரி டியூபை இன்னாத்துக்கு எடுத்துக்கினு போறான்?" பார்த்தவரையெல்லாம் அவள் கேட்டாள்.

வித்திருப்பான் என்றார்கள். எவனாவது சுட்டுக்கொண்டு போயிருப்பான் என்றார்கள். தேவநாதனின் அண்ணன் ஓசூருக்குப் போய் நாலு நாள் அலைந்துவிட்டு வந்தார். கிடைக்கவில்லை என்றாலும், அவ்வளவு பெரிய ஊரில் ஒளிந்திருக்க நினைப்பவனைக் கண்டுபிடிக்க முடியுமா என்றுதான் அவரும் பேசினார்.

அவள் விடாமல் நச்சரித்ததில் ஒருநாள் தீயணைப்பு வண்டி வந்தது. ரப்பர் படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். கரையிலிருந்து கொஞ்ச தூரம்கூட அது போகவில்லை. ஆகாயத்தாமரை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பாய் விரித்ததுபோல் ஏரி முழுக்கக் கிடந்தது. துடுப்பைப் போட்டால் வேரில் மாட்டியது. ஒருவர் நீளக் கழியால் அங்கங்கே குத்திப் பார்த்தார். குத்திய இடத்திலிருந்து கறுப்பாய்க் குமிழி வந்து வெடித்தது. அந்த நாற்றத்தில் எல்லாரும் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

"பாடி இருந்தா மேல வந்திருக்கும்மா" என்றார் அவர்களில் பெரியவர்.

"மேல வர்றதுக்கு வழி எங்க சார் கீது?" என்று கேட்டாள் சாரதா. அவர் ஏரியைப் பார்த்தார். மதியத்துக்குள் வண்டி திரும்பிப் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அவள் அந்தக் கரை வழியாகத்தான் வேலைக்குப் போய் வந்தாள். வேறு வழி இல்லை, கரையைத் தாண்டினால்தான் பஸ். ஏரி ஒரே இடத்தில் இருந்தது, அதன் மேல் கிடந்த பச்சை ஒரே இடத்தில் இருக்கவில்லை. மேற்குக் காற்று அடித்தால் மொத்தமாய் நகர்ந்து அந்தப் பக்கம் போய் ஒதுங்கும். கீழைக் காற்று வந்தால் இந்தக் கரையை வந்து முட்டும். ஓரிடத்தில் ஊதாப் பூக்கள் அடர்ந்து பூத்திருப்பதைக் கண்டு, அங்கேதான் இருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றிவிடும். அடையாளத்துக்கு, அதற்கு நேராக இந்தக் கரையில் நிற்கும் பனைமரத்தைப் பார்த்து வைத்துக்கொள்வாள். மறுநாள் அந்தப் பூக்கள் வேறெங்கோ போயிருக்கும்.

அவளைக் கலங்கடித்தது ஒரு எருமை. புல்வெளி என்று நினைத்ததோ என்னவோ, ஒரு சாயங்காலம் கரையிலிருந்து நேராய்ப் பச்சை மேல் நடந்து உள்ளே போனது. நாலு அடியில் வயிறு வரை இறங்கியது, பிறகு கழுத்து. கத்தக்கூட முடியாமல் மூக்கை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றதை டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து மீட்டார்கள். எல்லாரும் எருமையைச் சுற்றி நின்றபோது சாரதா மட்டும் அது கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கறுப்பாய் ஒரு ஓட்டை தெரிந்தது. சுற்றியிருந்த செடிகள் அசைந்து அசைந்து ஒன்றையொன்று நெருங்கின. எருமைக்காரர் அதன் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து முடிப்பதற்குள் ஓட்டை மூடிக்கொண்டது. எதுவும் அங்கே இறங்கியதாகச் சொல்ல முடியாதபடி சமமாய்ப் பச்சை.

அன்றிலிருந்து அவள் மீன் சாப்பிடவில்லை. கரையில் தனியாக நடக்கும்போது பச்சைக்கு அடியில் யாரோ வாய் திறந்து மூடுவதுபோல் 'பொளக்' என்று சத்தம் வரும். நின்றால் நின்றுவிடும். நடந்தால் பின்னாலேயே வரும். அவள் ஹாஸ்டல் சமையற்கட்டில் இருக்கும் அந்தோணிமேரியிடம் மட்டும் இதைச் சொன்னாள்.

"மீனா இருக்கும்டி. ஆமையா இருக்கும்" என்றாள் அந்தோணிமேரி.

"எனக்கும் தெரியும் மேரிக்கா. ஆனா அது நான் போற வேகத்துக்கே வருதே."

அந்தோணிமேரி தன் கழுத்திலிருந்த சிலுவையைத் தொட்டுக்கொண்டாள். "நாளையிலேர்ந்து கரை தாண்டுற வரிக்கும் நானும் கூட வரேன், இரு" என்றாள். கொஞ்ச நாள் வந்தாள். அவள் கூட வரும்போது சத்தம் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கரையில் புதிதாய் ஒரு பெண் நின்றிருந்தாள். கயிற்றில் பாட்டிலைக் கட்டி, செடிகளை விலக்கி, தண்ணீருக்குள் இறக்கினாள். பெயர் இசைவாணி. தண்டலம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள்.

"தண்ணிய எடுத்து இன்னாம்மா பண்ணுவ?" என்று கேட்டாள் சாரதா.

"டெஸ்ட் பண்ணுவேன்க்கா. இந்தச் செடி ஏன் இப்படி வளருதுன்னு பாக்கணும்."

"ஏன் வளருது?"

"சாப்பாடு ஜாஸ்தி. வயலுக்கு உரம் போட்டாப் பயிர் வளருதில்ல? அதே உரம்தான் இந்தத் தண்ணில கரைஞ்சு கிடக்கு. பாத்ரூம் தண்ணி, கேன்டீன் கழுவுற தண்ணி, சோப்புத் தண்ணி, வயல்ல மிஞ்சின யூரியா, எல்லாம் வடிஞ்சு இங்கதான் சேருது. ஒரு வாரம் விட்டீங்கன்னா ஒரு செடி ரெண்டாயிடும்."

"மீனு செத்துச்சே, அது விஷமா?"

"விஷமே தேவையில்லக்கா. இந்த மூடி இருக்கறதால காத்து உள்ள போகாது. அடியில அழுகுறது எல்லாம் இருக்கற காத்தையும் இழுத்துக்கும். ராவெல்லாம் இழுத்து, விடியறப்ப மீனுக்கு மூச்சு விட ஒண்ணும் இருக்காது."

சாரதா பச்சையை எட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "கீழ எப்படிம்மா இருக்கும்?"

இசைவாணிக்கு அந்தக் கேள்வியின் காரணம் தெரியாது. "இருட்டா இருக்கும். கறுப்புச் சேறு. காத்து இல்லாத இடத்துல எதுவும் சீக்கிரம் மக்காதுக்கா. உள்ள விழுந்தது விழுந்தபடி ரொம்ப நாள் கிடக்கும்" என்றாள்.

சாரதா பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் இசைவாணி விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவள் கண் கலங்கி, "தெரியாமப் பேசிட்டேன்க்கா, மன்னிச்சிடுங்க" என்று கையைப் பிடித்தாள். "இல்லம்மா, நீ சொன்னது நல்லதுதான்" என்றாள் சாரதா. "சோப்புத் தண்ணி எந்தப் பக்கத்திலிருந்து வருது?"

இசைவாணி மேற்கே காட்டினாள். சாலையோரத்திலிருந்து ஒரு கால்வாய் வளைந்து வந்து ஏரியில் விழுந்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சாரதா ஹாஸ்டலின் பின்சுவரைச் சுற்றிப் போய்ப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அந்தப் பக்கம் போனதில்லை. சுவரின் அடியில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து விழுந்த தண்ணீர் சாம்பல் நிறத்தில், மேலே வெள்ளையாய் நுரை கட்டி, கால்வாயில் ஓடியது. நாற்றத்துக்கு நடுவே மல்லிகை வாசம் அடித்தது. அவள் தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். அதே வாசம். காலையில் அவள் கையால் மெஷினில் அள்ளிப் போட்ட சோப்புத் தூள்.

ஒரு வருடமாக நாள் தவறாமல், கிண்ணம் கிண்ணமாக, அவன் தலைக்கு மேல் கிடந்த பச்சைக்கு அவள்தான் தீனி போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இந்த நினைப்பு வந்த பிறகு அவளால் மெஷினின் மூடியைத் திறக்க முடியவில்லை. சோப்புத் தூள் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். மூட்டை மூட்டையாய்ச் சீருடைகள் சேர்ந்துவிடும். வேறு வழியில்லாமல் கண்ணை மூடிக்கொண்டு கொட்டுவாள்.

ஹாஸ்டலின் பின்னால் கழிவுநீரைச் சுத்தம் செய்ய நீலத் தொட்டிகளும் மோட்டாரும் இருந்தன. அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் மோட்டார் ஓடும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். சாரதா மேனேஜர் சண்முகசுந்தரத்திடம் போய்க் கேட்டாள்.

"சார், பின்னாடி மோட்டாரை ஏன் போட மாட்றீங்க? தண்ணி அப்படியே ஏரிக்குப் போவுது."

சண்முகசுந்தரம் கெட்டவர் இல்லை. தேவநாதன் போனபோது அவளுக்கு லீவு கொடுத்து, அவன் போட்டோ போட்ட நோட்டீஸை அச்சடித்துத் தந்தவர். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"சாரதா, நம்ம தண்ணி மட்டுமா அங்க போகுது? ரோடு நெடுக எத்தனை ஹாஸ்டல், எத்தனை கேன்டீன், எத்தனை புது வீடு. எல்லாரும் விடறாங்க. நாம ஒருத்தர் நிறுத்தினா ஏரி சரியாயிடுமா?"

"மத்தவங்க தண்ணி எனக்குத் தெரியாது சார். இது என் கையால போவுது."

"நீ ரொம்ப யோசிக்கிற. ரெண்டு நாள் ரெஸ்ட் எடு" என்றார் அவர்.

அவள் ரெஸ்ட் எடுக்கவில்லை. கிழிந்த சீருடைகளை இரண்டு சாக்கில் அடைத்து, மணல் போட்டுக் கட்டி, சுவருக்குப் பின்னால் கொண்டுபோய்க் குழாயின் வாயில் திணித்தாள். காலால் மிதித்து மிதித்து இறுக்கினாள். நுரை சொட்டி நின்றது. கால்வாய் சன்னமாகி, தரை தெரிந்தது. அன்று கரையில் நடந்தபோது ஏரியைப் பார்த்து, "இன்னைக்கு வரல, போதுமா" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

இரண்டு நாளில் தண்ணீர் போன வழியே திரும்பி வந்தது. குளியலறைகளில் சாக்கடை பொங்கி, தாழ்வாரம் முழுக்க அழுக்கு நுரை நின்றது. ஷிப்ட் முடிந்து, கால் கடுக்க நின்றுவிட்டு வந்த பெண்கள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதில் நடந்தார்கள். செய்யாற்றுப் பக்கத்துப் பெண் ஸ்ரீமதி வழுக்கி விழுந்து தாடையில் தையல் போட வேண்டி வந்தது. அந்தோணிமேரிக்குச் சந்தேகம் தட்டிப் பின்பக்கம் போய்ப் பார்த்திருக்கிறாள். திரும்பி வந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது.

"நம்ம யூனிஃபார்ம் துணி குழாய்ல அடைச்சுக் கீது. நீதானே?"

சாரதா தலையசைத்தாள்.

"யாரைடி நீ அடைச்ச? மோட்டார் போடாதவன் ரூம்ல ஏசி ஓடிக்கினு கீது. இந்தப் புள்ளைங்கதான் சாக்கடையில நிக்குது. அது தாடை கிழிஞ்சு கிடக்குது, போய்ப் பாரு."

சாரதா போய்ப் பார்த்தாள். ஸ்ரீமதி மேல்கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வயது இருபது இருக்கலாம். "நான்தாம்மா அடைச்சேன்" என்று தொடங்கி, அந்தக் கட்டிலின் கம்பியைப் பிடித்தபடியே முழுவதையும் சொன்னாள். அறையில் இருந்த மற்ற பெண்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். யாரும் திட்டவில்லை. ஸ்ரீமதி வாயை முழுக்கத் திறக்க முடியாமல், "அந்த ஏரிதானா அக்கா? பஸ்லேர்ந்து பாப்போமே, பூவெல்லாம் இருக்கும், அழகா இருக்கும்னு போட்டோ எடுத்தேனே" என்றாள்.

பிறகு சாரதா தானே மேனேஜர் அறைக்குப் போய்ச் சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். சாக்குகளை எடுக்க ஆள் அனுப்பினார். தேங்கியதை உறிஞ்ச ஒரு கழிவுநீர் லாரியை வரவழைத்தார். "நீ வீட்டுக்குப் போ, சாரதா. இனி வர வேண்டாம்" என்றார்.

டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவள் பஸ் ஏறினாள். இறங்கிக் கரைக்கு வந்தபோது அந்த லாரி அவளுக்கு முன்பே வந்திருந்தது. பின்பக்கத்தை ஏரிக்குக் காட்டி நின்றது. பட்டப்பகல். தடித்த குழாயிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் செடிகளின் மேல் கொட்டியது. டிரைவர் கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தார். மல்லிகை வாசம் கரை வரைக்கும் வந்தது. அவள் அடைத்து வைத்த இரண்டு நாள் தண்ணீரும் ஒரு சொட்டு குறையாமல் வந்து சேர்ந்திருந்தது.

சாரதா அங்கேயே உட்கார்ந்தாள். தேவநாதன் போன பிறகு அவள் அடுத்தவர் பார்க்க அழுதது அன்றுதான். டிரைவர் பயந்துபோய் இறங்கி வந்து, "இன்னாக்கா, உடம்பு சரியில்லியா? தண்ணி வேணுமா?" என்று கேட்டார்.

புரட்டாசி பிறந்ததும் மழைக்கு முன் ஏரியைச் சுத்தம் செய்ய உத்தரவு வந்தது. மதகு அடைத்துப் போய், போன மழையில் படப்பை பக்கத்துப் புது மனைகளில் தண்ணீர் நின்றதுதான் காரணம். லாரியில் ஏற்றி, தண்ணீரில் மிதந்தபடி வேலை செய்கிற ஒரு பொக்லைனைக் கொண்டுவந்தார்கள். ஓட்டுகிறவன் அருள்பாண்டி, விருதுநகர்ப் பக்கத்துக்காரன். சாரதா தினமும் காலையில் வந்து பனைமரத்தடியில் உட்கார்ந்தாள். வாளி ஒவ்வொரு தடவை மேலே வரும்போதும் எழுந்து நின்று பார்ப்பாள். கரையில் கொட்டியதும் போய்க் கழியால் கிளறுவாள்.

இரண்டு நாள் பார்த்துவிட்டு அருள்பாண்டி மெஷினை நிறுத்தி இறங்கி வந்தான்.

"எதைத் தேடுதீக அக்கா? நகை கிகை விழுந்துருச்சா?"

"எங்க வூட்டுக்காரர்" என்றாள்.

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான். அவள் சொன்னதை எல்லாம் கேட்டான். "காலு உடைஞ்சப்போ எலும்பு மேல பிளேட் வெச்சாங்க. வலது காலு" என்று அவள் முடித்தாள்.

"நான் மெதுவா எடுக்கேன் அக்கா. குத்தாம எடுக்கேன்" என்றான் அவன்.

அதற்குப் பிறகு வாளியை அவன் செடிக்கு அடியில் நிதானமாய் நுழைத்து, அலுங்காமல் தூக்கினான். வேலை ஓடவில்லை என்று சூப்பர்வைசர் கத்தியதற்கு, ஹைட்ராலிக் இழுக்கிறது என்று பொய் சொன்னான். பச்சை விலக விலகத் தண்ணீர் தெரிந்தது. மை போலக் கறுத்த தண்ணீர். அதன் மேல் வெயில் பட்டுப் பளபளத்ததைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

ஏரி நிறைந்தால் தண்ணீர் வழியும் கலங்கலுக்குப் பக்கத்தில், நடுப்பகலில், வாளி ஒரு தடவை மேலே வந்து பாதியில் நின்றது. அருள்பாண்டி இன்ஜினை அணைத்தான். ஏரி முழுக்க அமைதி. வேர்க்கொத்துக்கு நடுவே கறுப்பு ரப்பர் ஒன்று தொங்கியது. அதைச் சுற்றி நீல நைலான் வலை. வலைக்குள் வேர்கள் நுழைந்து வளர்ந்து பின்னியிருந்தன.

அருள்பாண்டி அவளைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மெஷினின் மிதவை மேல் இறங்கி, கையால் வேர்களைப் பிரித்தான். கால் எலும்பின் மேல் அந்த ஸ்டீல் பிளேட் வெயிலில் தெரிந்தது. துருப்பிடிக்கவில்லை.

அதைப் பார்த்த நொடியில்தான் சாரதாவுக்குத் தன் மனசு தெரிந்தது. ஏரியில்தான் இருக்கிறான் என்று இத்தனை நாளும் ஊரோடு மல்லுக்கு நின்றாள். ஆனால் உள்ளுக்குள், தெரு சொன்னது உண்மையாக இருக்கட்டும் என்றுதான் அவள் வேண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். ஓசூரில் ஏதோ ஒரு வாடகை அறையில், வேறு ஒருத்தியோடுகூட, சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிற தேவநாதன் ஒருவன் அவளுக்குள் இருந்தான். அவனும் இப்போது செத்துப்போனான்.

"தூக்காதப்பா" என்றாள். "நான் வரேன்."

இடுப்பளவு சேற்றில் அவளே இறங்கிப் போனாள். தடுக்க யாரும் வரவில்லை. வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, போலீஸ் வரும் வரையில் அப்படியே நின்றாள்.

மற்றது எல்லாம் வழக்கம்போல் நடந்தது. ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடித்து, ஒரு சின்ன வெள்ளைத் துணி மூட்டையாய்க் கொடுத்தார்கள். அண்ணன் கொள்ளி வைத்தார். தெருவே வந்தது. ஓசூர் என்று சொன்னவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றார்கள். அவளுக்கு அவர்கள்மேல் கோபம் இல்லை. அந்தோணிமேரி மூன்று நாள் கூடவே தங்கிச் சமைத்துப் போட்டாள். படுக்கும்போது தன் வழக்கப்படி ஜெபம் சொல்லி, கடைசியில் தேவநாதன் பெயரையும் சேர்த்துக்கொண்டாள்.

மழை வந்து ஏரி நிறைந்தது. ரொம்ப வருடம் கழித்து அதில் வானம் தெரிந்தது. நீர்க்காகங்கள் வந்தன. கார்த்திகை போய் மார்கழி நடுவில் கரையோரமாய் விரல்நகம் அளவில் பச்சை இலைகள் தென்பட்டன. பாட்டிலோடு வந்திருந்த இசைவாணி அவற்றைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"வழிச்சுப் போட்டோம், சாப்பாட்டை நிறுத்தலையேக்கா" என்றாள்.

ஹாஸ்டலில் மட்டும் ஒன்று மாறியிருந்தது. ஸ்ரீமதியும் அவள் அறைப் பெண்களும் மேனேஜரிடம் போய், மோட்டார் ஓடினால்தான் ஷிப்டுக்குப் பஸ் ஏறுவோம் என்று வாசலில் நின்றார்களாம். சண்முகசுந்தரமே போன் செய்தார். "மோட்டார் ஓடுது, சாரதா. வந்து பாரு. வேலைக்கும் வா" என்றார். போனாள். நீலத் தொட்டியில் தண்ணீர் குமிழியிட்டுச் சுழன்றது. பின்சுவர்க் குழாயில் நுரை குறைந்திருந்தது. ஆனால் கால்வாய் அதே நிறத்தில்தான் ஓடியது. கால்வாய் நெடுக இன்னும் எத்தனையோ குழாய்கள் இருந்தன.

தை மாதம் அருள்பாண்டி போனில் கூப்பிட்டான். மெஷினோடு மண்ணூர்ப் பக்கம் இன்னொரு ஏரிக்குப் போயிருந்தான். அதுவும் இதேபோல் மூடிக் கிடக்கிறதாம்.

"அக்கா, உங்களுக்குத் தொந்தரவு கொடுக்கேன்னு நினைக்காதீக. வாளியை உள்ள விடுறதுக்கு முன்னாடி மெஷினை நிறுத்திப்புடுதேன். ஒவ்வொரு தடவையும் யாராச்சும் இருப்பாகன்னு தோணுது. சோறு இறங்க மாட்டேங்குது. சூப்பர்வைசர்ட்ட சொன்னா சிரிப்பான். நீங்க ஒரு நாளைக்குக் கரையில வந்து நின்னீகன்னா..."

சாரதா அவனை முடிக்க விடவில்லை. "ஞாயித்துக்கிழமை வரேன்பா" என்றாள்.

ஷேர் ஆட்டோவில் இறங்கி வயல் வரப்பில் நடந்து போனாள். அந்த ஏரி நெல்லித்தாங்கலைவிடப் பெரியது. காலை வெயிலில் பச்சை கண் கூசியது. மெஷின் ஓரமாய் நின்றிருந்தது, அருள்பாண்டி அதன் மேல் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து கையைத் தூக்கினான்.

கரையில் ஏற்கெனவே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும், துப்பட்டாவைத் தலைமேல் போட்டிருந்தாள். கொட்டிக் கிடந்த செடிக் குவியலைக் குச்சியால் விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவள், காலடி கேட்டதும் சட்டென்று குச்சியைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

சாரதா அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"யாரும்மா உனக்கு?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் குச்சியை மெல்ல முன்னால் எடுத்தாள். பிறகு, "தம்பி" என்றாள். "பெங்களூருக்குப் போயிட்டான்னு எல்லாரும் சொல்றாங்க."

சாரதா அருள்பாண்டியைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் இன்ஜினைப் போட்டான். வாளி மெதுவாய்ப் பச்சைக்கு அடியில் இறங்கியது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.